காகிதத்தில் மிஞ்சிய மலை

கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களின் கணக்கில் செண்பகனூருக்குக் கடைசி இடம்தான். ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, வீட்டுச் சாக்லேட் எல்லாம் முடிந்து, மழையும் பிடித்துக்கொண்டு, "இனி எங்கேப்பா போறது?" என்று கேட்கும்போது பதில் வரும்: "மியூசியம் ஒண்ணு இருக்கு சார், பாடம் பண்ணுன மிருகமெல்லாம் வெச்சிருக்காங்க." ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். இயேசு சபைத் துறவிகளின் திரு இருதயக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

உள்ளே போனதும் குழந்தைகள் நேராக ஓடுவது பாடம் செய்த விலங்குகளிடம். கண்ணாடிக் கண்ணோடு முறைக்கும் பறவைகள், புட்டிகளில் சுருண்டு கிடக்கும் பாம்புகள், ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள். பெரியவர்கள் 300-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ள ஆர்க்கிட் கூடத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் வேனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இப்படியொரு இடத்தின் உண்மையான சொத்து, யாரும் நின்று படிக்காத சீட்டுதான். பூச்சியின் ஊசியடியில் கால் அங்குலத்தில், செடி ஒட்டிய தாளின் ஓரத்தில் உள்ளங்கை அளவில் இருக்கும். என்ன உயிர், எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் தேதி, யார் எடுத்தது. ஐந்து வரி. அந்தச் சீட்டு தொலைந்துவிட்டால் பாடம் செய்த புலியும் பொம்மைதான்.

சீட்டின் பலத்துக்குப் பக்கத்து மலையிலேயே சாட்சி உண்டு. 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட் நிர்வாகி பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று எண்ணி அதை ஒரு பெட்டியில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் கித்தி தோங்லோங்யா அதன் பல்லையும் மண்டையையும் பார்த்து, உலகம் அறியாத புதுப் பேரினம் என்று சொன்னார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரால் இன்று 'லாட்டிடென்ஸ் சலீமாலியை' என்று அழைக்கப்படுவது அந்த வௌவால்தான். அதை எங்கே தேடிப் போவது என்று சொன்னது ஹட்டன் எழுதிய சீட்டு. அது இல்லாதிருந்தால் பெயர் கிடைத்திருக்கும், மலை கிடைத்திருக்காது.

செண்பகனூரில் அப்படிச் சீட்டு எழுதியவர்கள் யார்?

தோப்பிலிருந்து ஏறிய வழி

கல்லூரி தொடங்கிய ஆண்டு 1895. அன்று கொடைக்கானலுக்கு வண்டிப் பாதை கிடையாது. வத்தலக்குண்டு வழியாக இன்று பேருந்து ஏறும் லா காட் ரோடு போட்டு முடிக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறிவிட்ட அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து ஏற வேண்டும். வசதி உள்ளவர்கள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். அரிசி, மேஜை, பியானோ, ஜன்னல் கண்ணாடி எல்லாம் கூலியாட்களின் தலையில் ஏறின. 'கூலி காட்' என்றே அந்தப் பாதைக்குப் பெயர். மலையேறி முடிக்கிற இடத்தில் இருந்தது செண்பகனூர். மூச்சு வாங்கி நிற்கும் அந்த மேட்டில்தான் பிரெஞ்சுச் சாமியார்கள் கட்டடம் எழுப்பினார்கள்.

அவர்கள் ஏன் பிரான்சிலிருந்து வந்தார்கள் என்பது தனிக்கதை. நொபிலி, அருளானந்தர், வீரமாமுனிவர் வேலை செய்த பழைய மதுரை மிஷன், 1773-ல் ரோம் இயேசு சபையையே கலைத்தபோது அறுந்துபோனது. சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 1838-ல் பிரெஞ்சுத் துறவிகள் வந்து புது மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். நாகப்பட்டினத்தில் 1844-ல் ஆரம்பித்து 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய புனித வளனார் கல்லூரி அவர்கள் கட்டியதுதான். 1880-ல் பிரெஞ்சு அரசு இயேசு சபையினரைத் துறவு இல்லங்களிலிருந்து வெளியேற்றியது. சொந்த நாட்டில் பள்ளி நடத்த இடமில்லாதபோது, படித்த, ஓயாத கை உள்ள ஆட்கள் கடல் கடந்தார்கள்.

அவர்களில் சிலர் வந்து சேர்ந்த இடம் செண்பகனூர். இளம் துறவிகளுக்குத் தத்துவமும் இறையியலும் சொல்லிக்கொடுப்பதற்கான வீடு அது. இயேசு சபைப் படிப்பில் தத்துவத்தோடு இயற்கை அறிவியலும் சேர்ந்தே வரும். வகுப்பு முடிந்தால் ஜன்னலுக்கு வெளியே சோலை, பின்னால் புல்மேடு. சீட்டாட்டத்துக்குப் போக முடியாத ஆண்கள் ஒரு மலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் என்ன செய்வார்கள்? சிலர் ஜெபமாலை உருட்டினார்கள், சிலர் வண்டு பிடித்தார்கள். பலர் இரண்டையும் செய்தார்கள்.

இது செண்பகனூருக்கு மட்டுமான விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். ஷாங்காயில் பியேர் ஹூட் என்ற சாமியார் 1868-லேயே அருங்காட்சியகம் தொடங்கிவிட்டார். தியான்ஜினில் எமில் லிசான் 1914-ல் தொடங்கினார். பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் ஸ்விட்சர்லாந்துக்காரர் பிளாட்டர் உலர்தாவரத் தொகுப்பைக் கட்டினார். அவர் வழியில் வந்த ஸ்பெயின்காரர் சாந்தாப்பு, பிற்பாடு இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவே ஆனார். உலகமெங்கும் சபைக்கு வீடு இருந்தது, வீட்டுக்கு வீடு கடிதம் போனது, கடிதத்தோடு பெட்டியும் போனது. செண்பகனூர்ப் பூச்சிகள் ஐரோப்பிய நிபுணர்களின் மேஜைக்குப் போன வழி அதுதான். அங்குள்ள வண்டுப் பெட்டிகளில் இந்த ஊரின் பெயர் 'சாம்பகனோர்' என்றும் இன்னும் பலவிதமாகவும் பிரெஞ்சு நாக்குக்கு ஏற்ப எழுதப்பட்டிருக்கும்.

ஏரிக்கரை அமெரிக்கர்கள்

நேர்மையாகச் சொன்னால், இந்த மலையில் முதலில் பை தூக்கியவர்கள் இவர்கள் இல்லை. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836-லேயே பழனி மலையில் ஏறி வந்து செடி சேகரித்தார். அப்போது கொடைக்கானல் என்ற ஊரே கிடையாது. 1845-ல்தான் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் காய்ச்சலுக்குத் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த பயத்தில், மேலே வந்து வீடு கட்டினார்கள். இன்று படகு ஓடும் ஏரியை மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் அணை போட்டு உண்டாக்கினார்.

ஏரிக்கரை அமெரிக்கர்களைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் பேர்பேங்க். அகமத்நகரில் வேலை பார்த்த மிஷனரி. 1860-களில் இங்கே வந்தபோது அவர் சேகரித்த பறவைத் தோல்களைப் பார்த்து பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் இரண்டு புதிய பறவைகளுக்குப் பெயர் வைத்தார். ஒன்று சோலையின் இருட்டில் ஒளியும் வெள்ளை வயிற்று நீலப் பறவை. இன்னொன்றைக் கொடைக்கானலில் தங்கியவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள், பார்த்திருக்கமாட்டார்கள். காலையில் பங்களாத் தோட்டத்துப் புதரில் பெருங்கூச்சலிட்டுச் சிரிக்கும் சிரிப்பான். அதன் அறிவியல் பெயரில் 'பேர்பேங்கி' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017-ல் இந்தப் பறவைகளை ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து நீலப் பறவைக்குப் புதுப் பேரினம் உண்டாக்கினார்கள், பெயர், 'ஷோலிகோலா'. சோலைவாசி.

பிறகு வந்தவர்கள் அதிகாரிகளும் பேராசிரியர்களும். ஆல்ஃபிரட் போர்ன் கல்வித்துறையில் பெரிய பதவி வகித்தவர். அவரும் அவர் மனைவியும் கொடைக்கானலைச் சுற்றிச் செடி சேகரித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் அந்தச் சேகரிப்பையும் சேர்த்துக்கொண்டு, நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 தொடங்கி மூன்று பாகங்களாக எழுதினார். படம் வரைந்த கைகளில் போர்ன் சீமாட்டியின் கையும் ஃபைசன் மனைவியின் கையும் உண்டு. அட்டையில் ஃபைசன் பெயர் மட்டும்தான்.

இவர்கள் எல்லோருமே விடுமுறைக்கு வந்தவர்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம் பூத்த செடி இவர்களுக்குக் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மலையே மேகத்துக்குள் காணாமல்போகும் காலத்தில் எது பூக்கிறது, எது முட்டையிடுகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். பன்னிரண்டு மாதமும் அங்கேயே கிடந்தவர்கள் செண்பகனூர்ச் சாமியார்கள்தான்.

அந்த ஈரத்தில் ஒரு செடியைப் பாடம் செய்வது சுலபமில்லை. பறித்ததைச் செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து வைத்து அழுத்த வேண்டும், நனைந்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும், மாற்றுத் தாளை நெருப்பின் அருகே காயவைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பூஞ்சை. காய்ந்த பிறகு பூச்சி அரிக்காமலிருக்க, சித்த வைத்தியர்கள் 'வீரம்' என்று சொல்லும் பாதரச உப்பைக் கரைத்துப் பூசுவது அந்தக் கால வழக்கம். பறவைக்கும் விலங்குக்கும் வெள்ளைப் பாஷாணம் கலந்த சோப்பு. தோலின் உள்பக்கம் அதைத் தேய்த்தால்தான் நூறு ஆண்டு தாங்கும். உலகத்தின் பழைய அருங்காட்சியகங்களில் பாடம் செய்த பிராணிகளைத் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பது பிராணிகளின் நன்மைக்காக மட்டுமல்ல.

ஆங்லாட் வரைந்த 2000 செடிகள்

செண்பகனூரின் ஆரம்ப காலத்தோடு ஒட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று எமில் கோம்பேர். 1866-ல் பிறந்து 1948-ல் மறைந்தவர். சோலியே என்று இன்னொருவர். 1910-களில் பழனி மலைச் செடிகளை மும்முரமாகச் சேகரித்தார். பிற்காலத்தில் அதே சோலியே, ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் வரலாற்றை எழுதினார். செடித் தாளையும் புனிதர் சரித்திரத்தையும் ஒரே ஆள் எழுதியது அவர்களுக்கு வினோதமாகப் பட்டிருக்காது.

இவர்களில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பவர் ஆங்லாட். 1873-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர், 1953-ல் காலமானார். அவர் பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஐம்பது நூறு இல்லை, ஏறத்தாழ 2000.

எதற்காக? அழுத்திக் காயவைத்த செடி உருவத்தைக் காப்பாற்றும், நிறத்தைக் கைவிட்டுவிடும். நீலம் பழுப்பாகும், மஞ்சள் மண்ணாகும். ஆர்க்கிட் போன்ற சதைப்பற்றுள்ள பூக்கள் தட்டையாகி அடையாளமே தெரியாது. செடி வாடுவதற்குள், அன்றைக்கே, அதன் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தால்தான் நிறம் மிஞ்சும். மின்விளக்கில்லாத காலத்து மழைநாட்களில், மேகம் சாத்திய ஜன்னலோரம் எத்தனை மணி நேரம்தான் பகல் வெளிச்சம் இருந்திருக்கும்? ஒரு செடிக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் ஐந்தரை ஆண்டு வேலை. பாடம் நடத்தியதும் பூசை வைத்ததும் போக மிஞ்சிய நேரத்தில் என்றால், அது ஒரு வாழ்க்கை. அச்சேறிப் புகழ் தேடித்தரும் என்று நம்பி ஒருவன் 2000 படம் வரையமாட்டான். இருபதாவது படத்திலேயே அந்த ஆசை அடங்கியிருக்கும்.

ஆங்லாட் செடியோடு நிற்கவில்லை. பழனி மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், வெறும் பாறைத் தளத்தின் மேல் நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாகப் போட்ட திட்டைகள் திடீரென்று எதிர்ப்படும். பேத்துப்பாறைப் பக்கம் இதைக் 'குள்ளர் குகை' என்பார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்று கதை. வேறு இடங்களில் பாண்டவர் வந்து தங்கிய வீடு. ஆங்லாட்டும் நியூட்டன் என்ற சக துறவியும் இவற்றைத் தேடித் தேடி அளந்து, வரைபடம் போட்டு எழுதியதை, இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் தன் ஆய்வு வரிசையில் 36-வது நூலாக வெளியிட்டது. பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி இன்றைக்கும் முதலில் புரட்ட வேண்டிய புத்தகம் அது.

அவர்களைத் திகைக்க வைத்த விஷயம் இன்றும் சுவாரசியம்தான். கல்திட்டை என்றால் கீழே தோண்டினால் எலும்போ தாழியோ கிடைக்க வேண்டும். இங்கே பலவும் வெறும் பாறை மேல் நிற்கின்றன, தோண்டுவதற்கு மண்ணே இல்லை. பின்னே யாருக்காக, எதற்காக? இதற்குப் பதிலின் ஒரு பகுதி, பல ஆண்டுகள் கழித்துத் தாண்டிக்குடியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் வெளிச்சத்துக்கு வந்தது. பெருங்கற்கால மக்கள் இந்த மலைமேல் வாழ்ந்திருக்கிறார்கள், சமவெளியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார்கள். மலையடிவாரத்துப் பொருந்தலில் அதே ராஜன் எடுத்த ஈமச்சின்னத்தில் பானை நிறைய நெல்லும் பிராமி எழுத்தும் கிடைத்தது தமிழ்நாட்டுத் தொல்லியலில் பெரிய செய்தி. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்த மலைதான் என்பார்கள். மயிலையே பாடம் செய்து வைக்கும் காலம் ஒன்று வரும் என்று அவன் நினைத்திருக்கமாட்டான்.

பாசிக்கு ஓர் ஆயுள்

புலியைப் பாடம் செய்பவரைப் பார்க்கக் கூட்டம் வரும். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டுபவரைப் பார்க்க யார் வருவார்கள்? ஃபோரோ என்ற பிரெஞ்சுச் சாமியார் அதைத்தான் செய்தார். பழனி மலையின் பாசிகள், மரப்பட்டையில் ஒட்டும் லைக்கன்கள், காளான்கள். கொடைக்கானலில் எந்தச் சுவரிலும் இருப்பவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்று போல இருக்காது. அவற்றைப் பிரித்தறியும் ஆட்கள் அன்று இந்தியாவில் அனேகமாக இல்லை என்பதால், உலர்த்தி உறையிலிட்டு இங்கிலாந்தின் டிக்ஸனுக்கும் பிரான்சின் போத்தியே த லா வார்டுக்கும் தபாலில் அனுப்பினார். கப்பலில் போகும், மாதங்கள் கழித்துப் பெயரோடு பதில் வரும். அந்த இருவரும் சேர்ந்து ஒரு பாசிப் பேரினத்துக்கே 'ஃபோரோவெல்லா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழனி மலைப் பாசிகளின் முழுப் பட்டியலை ஃபோரோ தன் பெயரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டபோது ஆண்டு 1961. வெள்ளைக்காரன் போய் நாடு சுதந்திரமடைந்து பதினான்கு வருடம். பாசி எதையும் கவனிக்கவில்லை, ஃபோரோவும் அப்படித்தான்.

சீட்டில் இல்லாத பெயர்

சீட்டின் கடைசி வரி, 'எடுத்தவர்'. அந்த இடத்தில் பிரெஞ்சுப் பெயர் இருக்கும். ஆனால் இந்த மலையில் எந்தப் பள்ளத்தில் எந்த மரம், எந்த மாதம் எந்தப் பாறையில் தேன், பாம்பு எந்தக் கல்லுக்கடியில் என்பதை வந்தவன் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. பளியர்களுக்கு அது தெரியும். கிழங்கும் தேனும் தேடிக் காட்டுக்குள்ளேயே வாழ்ந்த மக்கள் அவர்கள். மலையில் விவசாயம் செய்த குன்னுவர்களுக்கும் தெரியும்.

டாமன் என்ற இயேசு சபைத் துறவி 1908-ல் பளியர்களைப் பற்றியும் 1910-ல் குன்னுவர்களைப் பற்றியும் ஐரோப்பாவின் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் கட்டுரை எழுதினார். பழக்கவழக்கம், சாப்பாடு, சாமி, கல்யாணம் எல்லாவற்றையும் பதிவு செய்த ஆரம்பகாலக் கட்டுரைகள் அவை. அதாவது பளியர்களும் அந்தச் சாமியார்களுக்கு ஆராய்ச்சிப் பொருளானார்கள். அருங்காட்சியகத்தில் அவர்களின் பொருள்கள் இருக்கின்றன. சேகரித்தவர் பெயர் எழுதும் வரியில் பளியர் பெயர் வருவதில்லை. தலையில் பெட்டி சுமந்து தோப்பிலிருந்து ஏறியவரின் பெயர், மரமேறி ஆர்க்கிட்டை இறக்கிக் கொடுத்தவரின் பெயர், தோலுரிக்கும்போது பாஷாணச் சோப்பைத் தேய்த்துக் கொடுத்த பையனின் பெயர் எதுவும் இல்லை. அந்தக் காலத்து லண்டன், பாரிஸ், கல்கத்தா அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. காட்டிக் கொடுத்தவனின் பெயரை எழுதுவதற்கு ஒரு வரி போதும், தாளில் இடமும் இருந்தது.

சுட்டுக் கொன்றதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் செய்த எந்த விலங்கும் தானாக வந்து படுத்ததில்லை. அன்று துப்பாக்கிதான் பைனாகுலர். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஆகவே இங்கிருக்கும் பாடங்களுக்குப் பதிலி கிடையாது. ஒன்று பூச்சியரித்துப் போனால் போனதுதான்.

திருச்சியிலிருந்து வந்தவர்

பிரெஞ்சுத் தலைமுறை முடிந்தபோது இந்தத் தாள்கள் வெறும் பழைய தாள்களாகப் போயிருக்கலாம். போகாமல் காத்தவர் கேரளத்தில் 1930-ல் பிறந்த கே.எம். மாத்யூ என்ற இயேசு சபைத் துறவி. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-ல் உலர்தாவரக் கூடம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு அங்கே முன்பு வேலை செய்த பிரெஞ்சுச் சாமியார் ரபினாவின் பெயரை வைத்தார். ரபினா தாவரக்கூடம் என்று கேள்விப்படாத தமிழகத் தாவரவியல் மாணவர் இருக்கமாட்டார்.

மாத்யூவுக்கு இரண்டு பெரும் வேலைகள். ஒன்று, வெயில் கொளுத்தும் சமவெளியின், அதாவது தமிழகத்தின் 'கர்நாடிக்' பகுதியின் தாவரங்கள். 1981 முதல் 1988 வரை பாகம் பாகமாக வெளிவந்தது. இடையில் நிற்கும் கொல்லி மலை, சேர்வராயன் மலை உள்படப் பல இடங்களின் செடிகொடிகளை அதில் ஒழுங்குபடுத்தினார்கள். இன்னொன்று பழனி மலை. 1999-ல் மூன்று பாகங்களாக வந்த அந்த நூலுக்கு அவர் தன் பயணங்களை மட்டும் நம்பவில்லை. சோலியே எடுத்த தாள், போர்ன் தம்பதி எடுத்த தாள், ஆங்லாட்டின் ஓவியம் என்று பழையவை ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி பெயர் சரிபார்த்தார். செண்பகனூரிலேயே ஆங்லாட் பெயரில் இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றையும் உண்டாக்கினார். பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985-ல் பிறந்தபோது அதோடும் நின்றார். 2004-ல் காலமானார்.

அவர் பழனி மலையைப் பற்றி முன்னதாக எழுதியவற்றில் ஒன்று எதைப் பற்றி தெரியுமா? கொடைக்கானலின் அந்நியத் தாவரங்கள். ஆண்டு 1969. சொந்தச் செடிகளின் முழுப் பட்டியல் போடுவதற்கு முப்பது ஆண்டு முன்பே, வெளியிலிருந்து வந்தவை எவை என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். அது காரணத்தோடுதான்.

பழனி மலையின் உச்சி என்பது இன்று கொடைக்கானல் போகிறவர்கள் காணும் பைன் காடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட ஒரு கை இது. வந்தரவு சிகரம் 2,533 மீட்டர். அந்த உயரத்தில் பள்ளமடிப்புகளில் மட்டும் சோலை இருக்கும், மீதியெல்லாம் புல். கண்ணுக்கெட்டிய மட்டும் புல். மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குக் கசியவிடும் புல். வெள்ளைக்காரனுக்கு அது வெற்று நிலமாகத் தெரிந்தது. மரம் இல்லையா, நடு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில், தைல மரம், பிறகு பைன். சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறை இதைப் பெரிய அளவில் தொடர்ந்தது. தோல் பதனிடப் பட்டை, ஆலைக்குக் கூழ் மரம் என்று கணக்கு. நட்டதோடு நிற்கவில்லை, வாட்டில் தானாகவே விதை போட்டுப் புல்லுக்குள் நடந்து போனது. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் சொல்கிறது. போன இடத்தில் பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும்.

செயற்கைக்கோள் 1973-க்குப் பின்னால்தான் பார்க்கும். அதற்கு முன்னால் அந்த மேட்டில் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பது? சோலியேயின் தாளைத்தான் கேட்க வேண்டும். 1910-களில் இந்த ஓடைக்கரையில், இத்தனை அடி உயரத்தில், புல்லின் நடுவே இந்தச் சிறு செடி இருந்தது என்று ஒரு சீட்டு சொல்கிறது. போய்ப் பார்த்தால் வாட்டில் காடு. வழக்குக்குச் சாட்சி ஆள் செத்துப்போயிருக்கலாம், எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது.

அதனால்தான் இந்த அருங்காட்சியகத்தைப் பழம்பொருள் கூடம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 2013-ல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்லையும் மீட்க வேண்டும் என்ற பேச்சு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சரி, மரத்தை வெட்டிவிட்டு எதை நடுவது? எந்தச் சரிவில் எந்தப் புல்? நர்சரியில் வளர்ப்பவர்களுக்கு அதைச் சொல்லப்போவது மாத்யூவின் மூன்று பாகங்களும், அவற்றுக்கு ஆதாரமான தாள்களும், ஆங்லாட்டின் நிறங்களும்தான். காட்டை அழிக்க வனத்துறையிடம் ஏராளம் வரைபடம் இருந்தது. மீட்கத் தேவையான வரைபடம் சாமியார்களின் அலமாரியில் கிடந்தது என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை.

ஆனால் அலமாரிக்கு எதிரிகள் அதிகம். கொடைக்கானலின் ஈரம், வெள்ளிப்பூச்சி, வண்டு, பழுத்து நொறுங்கும் தாள், மங்கும் மை. பிரெஞ்சிலும் லத்தீனிலும் கிறுக்கிய சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள். தாவர வகைப்பாட்டியல் படித்தால் வேலை கிடைக்காது என்று மாணவர்கள் ஒதுங்குகிறார்கள், கல்லூரிகள் பாடத்தைச் சுருக்குகின்றன. பாடம் செய்த சிறுத்தையின் கண்ணாடிப் பெட்டிக்குச் செலவழிக்க நன்கொடையாளர் கிடைப்பார். தாள்களைப் படமெடுத்து, சீட்டுகளை எழுத்துப் பெயர்த்து, யாரும் எங்கிருந்தும் பார்க்கும்படி வைப்பதற்குப் பணம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அரசு அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்கும் நிதியில் தனியார் அறக்கட்டளைகளின் அறிவியல் சேகரிப்புகளுக்கும் ஒரு பங்கு ஏன் இருக்கக் கூடாது? கோயில் ஓலைச்சுவடிகளுக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் பாதி கொடுத்தாலும் போதும்.

வேலை தொடங்க ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் 2030 இருக்கிறது. நீலக்குறிஞ்சி பழனி மலையில் 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்த முறை 2030. ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக் கேமராக்கள் பூவைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றன. இம்முறை பழைய தாள்களில் எழுதியுள்ள இடங்களின் பட்டியலோடு மாணவர்கள் மலை ஏறலாம். எந்தெந்தச் சரிவில் குறிஞ்சி இன்னும் இருக்கிறது, எந்தச் சரிவை வாட்டில் மூடிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வரலாம். கூட வழிகாட்டிப் போகும் பளியரின் பெயரையும் சீட்டில் எழுதிவிட வேண்டும்.